உப்புச் சுவரும் இருபது நிமிடமும்

அறைக்குள் தங்கை. மேசைக்கு முன்னால், பின்சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

வாசற்படிக்கு வெளியே நான். கையில் என் போன். அதில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் பக்கத்தில் எதிர்வீட்டுப் பெண். தங்கையோடு கல்லூரியில் படித்தவள். லேப்டாப் அவளுடையது.

குழாயடியில் அம்மா. பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். வேறு யாரும் இல்லை.

லேப்டாப் டிங் என்றது. தங்கை கையை நிறுத்திவிட்டுத் திரையில் வந்ததைப் படித்தாள்.

"அறையில் இன்னொருவர் இருக்கிறார். முதல் எச்சரிக்கை."

"யாருடி உள்ள?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"நான் மட்டும்தான்டி."

"உங்க அண்ணன் மூக்கு உள்ள வந்திருக்கும். பின்னால போங்கண்ணா. உங்க மூக்கத் தனியா ஒரு ஆளுன்னு எண்ணிடுச்சு."

சிரித்தோம். நான் இரண்டடி பின்னால் போனேன். தங்கை மறுபடி கணக்கில் குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி டிங். இரண்டாவது எச்சரிக்கை. அப்போது நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.

என்ன பரீட்சை என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி டிகிரி முடித்தவர்களை எடுக்கிறது. முதலில் கணக்குப் பரீட்சை. வீட்டிலிருந்தே எழுதலாம். இருபத்து நாலு கேள்வி, இருபது நிமிடம். தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், திரும்பி வர முடியாது. இருபதுக்குக் குறைவாக விடை போட்டால் பேப்பரையே பார்க்கமாட்டார்கள். எழுதுகிறவளை லேப்டாப் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் தெரிந்தால் டிங். மூன்றாவது டிங்கோடு பரீட்சை மூடிவிடும். மறுமுறை கிடையாது.

தங்கை பி.காம். கணக்கு வரும். கணக்கு அவளுக்குப் பிரச்சினை இல்லை, நேரம்தான். கேள்வியில் ஒரு படம் இருக்கும், கம்பி கம்பியாக, பக்கத்தில் ஒரு பட்டியல். பத்து எண் கொடுத்திருப்பான். வேண்டியது இரண்டுதான், மற்ற எட்டும் கண்ணை இழுக்க. போன வருஷம் நானூறு, இந்த வருஷம் நானூற்று எண்பது, எவ்வளவு சதவீதம் ஏறியது என்று நேராகக் கேட்டால் உடனே இருபது என்பாள். அதையே ஐந்து ஊருக்கும் மூன்று வருஷத்துக்கும் கலக்கிக் கொடுத்தால் நின்றுவிடுவாள். ஒன்று வரவில்லை என்றால் அதை விட அவளுக்கு மனம் வராது. அங்கேயே உட்கார்ந்திருப்பாள். மூன்று நிமிடம் போய்விடும்.

நான் எட்டாவதோடு நின்றவன். தோல் பதனிடும் ஷாப்பில் டாகிள் வேலை. ஈரத்தோலை இரும்புச் சட்டத்தில் கிளிப் போட்டு நாலு பக்கமும் இழுத்து மாட்டிக் காய வைப்பது. கணக்கு எனக்குத் தெரியாது. நேரம் பார்க்கத் தெரியும். அதனால் நேரம் பார்த்தேன்.

அம்மாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. அம்மா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். முட்டி போனபிறகு நின்றாள். அந்த லைன் சூப்பர்வைசரம்மாவிடம் மகளுக்கு இடம் சொல்லி வைத்திருந்தாள். பரீட்சை போனால் அடுத்த திங்கட்கிழமை தங்கை லைனில் உட்கார வேண்டும். அப்படித்தான் பேச்சு.

"கம்பெனி பஸ்ஸு வாசல்ல வந்து நிக்குது. அத்த உட்டுட்டு டப்பாகிட்ட பேசிக்கினு இருக்கா" என்பாள் அம்மா.

தங்கை ஒருமுறை மட்டும் என்னிடம் சொன்னாள். "ண்ணா, நா அந்த லைன்ல உக்காந்தா எந்திரிக்கமாட்டேன். எனக்குத் தெரியும்."

 எனக்கும் தெரியும்.

எங்கள் வீடு ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். முன்னால் ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. முன்னறை முன்பு தோல் குடோன். பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கி வைத்த இடம். ரொம்ப வருஷம் அப்படி இருந்தது. பிறகு வாடகை வீடாக்கினார்கள். தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். சுவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. உப்பு உள்ளே போய்விட்டது. மழை வந்தால் சுவர் ஈரமாகும். வெயில் வந்தால் உப்பு பூக்கும், வெள்ளையாக, திட்டுத் திட்டாக. துடைத்தால் கையோடு வரும், காலையில் மறுபடி இருக்கும். பழகிவிட்டது. யாரும் பார்ப்பதில்லை.

எதிர்வீட்டுப் பெண் வேறு ஒரு கம்பெனிக்கு இப்படி எழுதித் தேறியவள். அடுத்த சுற்றுக்குக் கூப்பிடக் காத்திருந்தாள். பழகிப் பார்க்கும் பரீட்சைகளை அவள்தான் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். அதிலும் கேமரா உண்டு, அதே டிங் உண்டு. ஒரு வாரத்துக்கு இலவசம். முதலில் சொன்னது அதில் முதல் நாள்.

இரண்டாம் நாளும் டிங் வந்தது. மூன்றாம் நாளும்.

நான் வாசலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே பேனா சத்தம் கேட்கும். பேனா நிற்கும். கொஞ்சம் பொறுத்து டிங். எனக்குப் பழகிவிட்டது. பேனா நின்றால் நானே டிங்குக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

"நா கணக்கு வராம நிக்கிறப்பதான் அது வருது" என்றாள் தங்கை. "போட்டுக்கினே இருந்தா வரல."

"அது உனக்கு ஹெல்ப் பண்ண வருதுடி. விடைய கேட்டுக்க" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

தங்கை சிரிக்கவில்லை.

பிறகு அந்தப் பெண்ணே அதைத் தோண்டினாள். எச்சரிக்கை வரும்போது லேப்டாப் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும். எங்கே ஆள் தெரிந்தது என்று கட்டம் போட்டிருக்கும். அந்தப் படங்களைத் திறந்து காட்டினாள். ஒரு கட்டம் தங்கை முகத்தில். இன்னொரு கட்டம் அவள் தோளுக்குப் பின்னால், சுவரில்.

கட்டத்துக்குள் உப்புத் திட்டு.

"பாருங்கண்ணா. நேரா உக்காந்தா இவ தலை அத்த மறைக்குது. கணக்கு வரலன்னா இவ ஒரு பக்கமா சாயிறா. அப்ப அது வெளிய தெரியுது. மெஷினு முகம்னு நினைக்குது. அவ்ளோதான். பேஜார் இல்ல."

நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு உப்பு மட்டும்தான் தெரிந்தது. தங்கை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தாள். "இது வேணாம். அழிச்சுடு" என்றாள்.

"யார் மாதிரிம்மா தெரியுது?" என்றேன்.

"யார் மாதிரியும் இல்ல. அழிச்சுடு."

துடைப்பத்தால் அம்மாவே சுவரைத் தேய்த்தாள். காலையில் உப்பு அதே இடத்தில் இருந்தது. நான் பஜாரில் சுண்ணாம்பு வாங்கி வந்து அந்தச் சுவர் முழுக்க அடித்தேன். இரண்டு கை அடித்தேன். சாயங்காலம் சுவர் சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. நான் கையால் தடவிப் பார்த்தேன்.

தங்கை உட்கார்ந்தாள். ஆறாவது கேள்வியில் டிங்.

படத்தைத் திறந்தோம். வெள்ளைச் சுவர். அதில் வெறும் வெள்ளையைச் சுற்றிக் கட்டம்.

எதிர்வீட்டுப் பெண் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் உப்பு வெளியே வந்திருந்தது. கட்டம் போட்ட இடத்தில்தான். மெஷின் முந்தின நாளே பார்த்துவிட்டது. ஈரம் முதலில் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மேசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். ஜன்னல் பின்னால் வந்தால் முகம் இருட்டாகிறது, அதற்கும் எச்சரிக்கை. வாசல் பின்னால் வந்தால் தெருவில் போகிறவர்கள் எல்லாம் தெரிகிறார்கள். எதிர்வீட்டில் போய் எழுதலாம் என்றால் அங்கே அவள் அக்கா கல்யாணத்துக்கு வந்த கூட்டம் இன்னும் போகவில்லை, குழந்தைகளே ஏழெட்டு. பெட்ஷீட் கட்டினோம். மேலே குடோன் காலத்து ஓட்டை ஒன்று இருக்கிறது, அதில் காற்று வரும். பெட்ஷீட் உப்பி உப்பி அடங்கியது, உள்ளே ஆள் மூச்சு விடுவது போல. டிங்.

இதற்குள் இலவச வாரம் முடிந்தது. இனி பரீட்சைதான்.

ஆனால் அந்த வாரத்தில் தங்கை வேகமாகிவிட்டாள். இதைச் சொல்ல வேண்டும். நின்றால் அது வருகிறது என்பதால் நிற்கப் பயந்தாள். வராத கணக்கை விட்டுவிட்டு ஓடினாள். விடை போட்ட ஒவ்வொன்றுக்கும் ரஃப் பேப்பரில் ஒரு கோடு போடுவாள், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே. எத்தனை ஆச்சு என்று திரை சொல்லாது, அதனால் கோடு. முதல் நாள் பதின்மூன்று கோடு. கடைசி நாள் இருபத்தொன்று. எனக்கு அது சந்தோஷமாக இல்லை. எதற்குப் பயந்து ஓடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

பரீட்சை அன்று காலை பத்து மணிக்கு. அன்று லீவு போட்டேன். அதற்கு முன்னால் விடியற்காலையில் ஷாப்புக்குப் போய் மேஸ்திரியிடம் கேட்டு ஒரு ரிஜெக்ட் தோல் வாங்கி வந்தேன். கன்றுத் தோல். பழுப்பு நிறம், முழுசு. வெட்டுக் காயம் இருந்ததால் ஒதுக்கினது. கனமானது. காற்றுக்கு ஆடாது. உப்பு அதைத் தாண்டி வராது. இதைவிட நல்ல மறைப்பு கிடையாது என்று நினைத்தேன்.

கழுத்து மேலே வைத்து, நாலு காலுக்கும் ஆணி அடித்து, இழுத்து மாட்டினேன். சுருக்கம் இல்லாமல் நன்றாக நின்றது. பதினைந்து வருஷமாக அப்படித்தான் மாட்டுகிறேன்.

அம்மா பார்த்து, "நல்லாருக்கு" என்றாள். அவளும் தோல் பார்த்து வளர்ந்தவள்தான். தங்கையும் பார்த்தாள்.

எதிர்வீட்டுப் பெண் லேப்டாப்பைக் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்தாள். உள்ளே வரவில்லை. "ஆல் தி பெஸ்ட்டுடி. எனக்கு முன்னால சென்னை போய் ரூம் பாத்து வை" என்றாள்.

கதவைச் சாத்தினோம். அது பழைய பலகைக் கதவு. நான், அம்மா, அந்தப் பெண் மூவரும் வெளியே. நான் போனில் நேரத்தை ஓட விட்டேன்.

பேனா சத்தம் நன்றாக வந்தது. பின்தெரு ஷாப்பில் தோல் ஊறும் டிரம் சுற்றும் சத்தம். வேறு சத்தம் இல்லை.

நாலு நிமிடம் ஆனபோது பேனா நின்றது. டிங்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கதவைப் பார்த்தாள்.

"சுவருதான் மறைஞ்சு போச்சே" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "இப்ப இன்னா பாக்குது அது?"

பேனா மறுபடி ஓடியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நின்றது. மறுபடி டிங்.

இரண்டாவது.

அந்தப் பெண் கதவுப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா. இன்னாண்ணா மாட்டி வச்சிருக்கீங்க?"

"தோலு."

"பாருங்கண்ணா."

நான் இடுக்கில் பார்த்தேன். தங்கை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். கழுத்து இருந்தது, தலை இல்லை. இரண்டு கையையும் விரித்து, அவளை அணைக்க வருகிற மாதிரி. இரண்டு கால். அவளைவிட அகலம்.

ஒரு நாளைக்கு எத்தனையோ தோல் மாட்டுகிறவன் நான். ஒரு நாளும் எனக்கு அது ஆளாகத் தெரிந்ததில்லை. அன்று தெரிந்தது. பிறகு தெரியாமல் போகவே இல்லை.

"உள்ள போயி பிச்சுப் போடுடா" என்றாள் அம்மா.

கை கதவைத் தள்ளப் போய்விட்டது. அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள்.

"போகாதீங்க. நீங்க உள்ள போனா நெஜமாவே ரெண்டு பேரு. அதோட முடிஞ்சுது."

"போகலன்னா?"

"அவ நேரா உக்காரணும். நிக்காம போடணும். நம்ம கையில ஒண்ணும் இல்லண்ணா."

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றேன். இடுக்கில் மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் அது நகர்ந்திருக்குமோ என்று இருந்தது. தோல் நகராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்க்கவில்லை.

பேனா ஓடியது. நிற்கும்போதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம். உடனே பட்டன் தட்டும் சத்தம் வரும், பேனா மறுபடி ஓடும். விடுகிறாள், போகிறாள். பாதி நேரம் போனது. முக்கால் போனது. அம்மா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள், சத்தம் இல்லை.

போனில் இருபது நிமிடம் முடிந்தது. மூன்றாவது டிங் வரவில்லை.

கதவு திறக்கும் சத்தம். தங்கை வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. முதுகில் சுடிதார் முழுக்க நனைந்திருந்தது.

"திரும்பிப் பாக்கல" என்றாள். "பின்னால நின்னுக்கினே இருந்துச்சுண்ணா. ஈர உப்பு வாசன. நா திரும்பல."

"அது தோலுடி. நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

"தோலுக்கு ஏதுண்ணா உப்பு வாசன?"

அவள் சொன்னது சரி. ஷாப்பிலிருந்து வரும் தோலில் உப்பு வாசனை இருக்காது. மருந்து வாசனைதான் இருக்கும். 

ரஃப் பேப்பரை நீட்டினாள். அந்தப் பெண் கோடுகளை எண்ணினாள். நான் எண்ணினேன். தங்கையும் எண்ணினாள்.

பத்தொன்பது.

"கடைசி கணக்கு பாக்கி இருந்துச்சு" என்றாள். "படிச்சேன். போடறதுக்குள்ள டைம் முடிஞ்சுது. கையே வைக்கலண்ணா. மௌஸ உட்டுட்டேன். தானா மூடிக்கிச்சு."

இருபதுக்கு ஒன்று குறைவு. அந்தப் பெண் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அம்மா எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். சூப்பர்வைசரம்மாவுக்குப் போன் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் அம்மா போட்டாள்.

எல்லோரும் உள்ளே போனபிறகு நான் ஆணிகளைப் பிடுங்கித் தோலை இறக்கினேன். சுவரில் தோல் இருந்த அளவுக்கு ஈரம். கழுத்து, கை, கால் எல்லாம் ஈரமாக அச்சுப் போல நின்றது. தோலைத் திருப்பினேன். சுவர்ப் பக்கம் இருந்த சதைப்புறத்தில் உப்பு ஏறியிருந்தது. கழுத்துக்கு மேலே சுவரிலும் ஒரு ஈரத் திட்டு. உருண்டையாக. அங்கே தோலே இல்லை. தலை இருக்க வேண்டிய இடம் அது.

காலையில் மாட்டியது. மதியம்கூட ஆகவில்லை.

நான் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. தோலைச் சுருட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு போய் ஷாப்பில் ரிஜெக்ட் அடுக்கில் போட்டேன். மேஸ்திரி, "இன்னாடா, வூட்டுக்கு மேட்சாவலயா?" என்றான். ஆகவில்லை என்றேன். அந்த அடுக்கு கையுறை வெட்டப் போனது. யார் கையிலோ இருக்கும்.

திங்கட்கிழமை தங்கை கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். தைத்து வந்த ஷூ மேல்பாகத்தில் நூல் நறுக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். சாயங்காலம் வந்து கை கழுவிச் சாப்பிட்டாள். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.  சாப்பிடும்போது ஒருமுறை அம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். வேண்டாம் என்று அவள் தட்டை நகர்த்தவும் இல்லை.

வியாழக்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எதிர்வீட்டுப் பெண் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். மெயில் அவள் லேப்டாப்பில்தான் வரும்.

"ஏய், அடுத்த சுத்துக்கு கூப்பிட்டிருக்காங்கடி! சென்னைல நேர்ல வரச் சொல்றாங்க!"

தங்கை நின்ற இடத்திலேயே நின்றாள். "பொய் சொல்லாத. இருபது ஆவலயே."

"தோஸ்த், அல்லாமேல சத்தியமா."

அம்மா வெளியே வந்தாள். நானும் போனேன். நால்வரும் வாசலில் நின்றே பார்த்தோம். அந்தப் பெண் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

எச்சரிக்கை, இரண்டு. அந்தப் படங்களை அங்கே ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுவரில் மாட்டிய பொருள், மனிதர் அல்ல என்று எழுதித் தள்ளிவிட்டார்கள்.

"கீழ படி" என்றாள் தங்கை. "எத்தன போட்டேன்னு இருக்கா?"

"இருக்கு. ஒண்ணுலேருந்து இருபத்து நாலு வரிக்கும் வரிசையா இருக்கு. நாலு விட்டிருக்க. கடைசி கணக்கு போட்டிருக்க. கரெக்ட்டுன்னு இருக்குது."

"நா அத்த தொடல."

 அம்மா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து திரையில், மொத்தம் எத்தனை போட்டாள் என்ற வரியை நானே பார்த்தேன். எண் படிக்க எனக்கும் தெரியும்.

இருபது.